குழாயின் கழுத்தும் வாலும்

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்திருந்த ஓர் அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வருடங்களுக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சொட்டுநீர்ப் பாசனம் போட்டிருந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வடிகட்டிக்குப் பக்கத்தில், உடுக்கை மாதிரி நடுவில் இடுங்கிய ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. அதன் இடுப்பிலிருந்து ஒரு சின்ன டியூப் இறங்கி, தரையில் இருந்த வாளிக்குள் கிடந்தது. வாளியில் கரைத்த உரம். தோட்டக்காரர் மெயின் குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடினார். வாளியிலிருந்த உரக் கரைசல் டியூபில் ஏறி, குழாய்க்குள் போக ஆரம்பித்தது.

"இதுக்குப் பேரு என்னங்க?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன்.

"வெஞ்சுரி சார். இதுக்குத் தனியா மோட்டார் எதுவும் வேணாம். தானா இழுத்துக்கும்."

சொல்லிவிட்டு அவரே ஒரு கேள்வி கேட்டார். "ஆனா ஒண்ணு புரியல சார். குழாய்க்குள்ள தண்ணி பிரஷரா போகுது. நடுவுல ஓட்டை போட்டா தண்ணி வெளியதான பீச்சணும்? வாளியில இருக்குறது ஏன் உள்ள போகுது?"

அந்த இடத்தில் அழுத்தம் குறைவு என்றேன்.

"குறுக்கினா பிரஷர் ஜாஸ்தியாகத்தான சார் ஆகணும்?"

நீரியல் படித்து, தண்ணீர்க் குழாய்களோடு முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் அவருக்குப் புரிகிற மாதிரி அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பேச்சை முருங்கை விலைக்குத் திருப்பிவிட்டேன். அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படி நினைக்க வைப்பவை நம் அனுபவத்திலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று, தேர்த் திருவிழாக் கூட்டம். அகலமான வீதியிலிருந்து சந்துக்குள் நுழையும்போது விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி நெருக்குகிறது. ஆகவே குறுகலில் அழுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சந்துக்குள் கூட்டத்தின் நடை மந்தமாகிறது, தண்ணீரோ வேகமெடுக்கிறது. வேறு வழியில்லை அதற்கு. தண்ணீரைச் சுருக்கி அடைக்க முடியாது. நொடிக்கு நூறு லிட்டர் உள்ளே வந்தால், குறுகலான இடத்தையும் நொடிக்கு நூறு லிட்டர் கடந்தாக வேண்டும். பரப்பு கால்பங்கானால் வேகம் நாலு மடங்கு. இந்தச் சின்ன உண்மையைத் தெளிவாக எழுதி அச்சிட்டவர் கலிலியோவின் மாணவர் பெனெடெட்டோ கஸ்டெல்லி, 1628-ல்.

இரண்டாவது, தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடுவது. தண்ணீர் தூரமாகப் பீறிட்டு அடிக்கிறது. விரலிலும் அழுத்தம் தெரிகிறது. தெரிவது உண்மைதான். ஆனால் அது எந்த இடத்து அழுத்தம்? விரலுக்குப் பின்னால், குழாய்க்குள்ளே இருப்பது. வாயை அடைத்ததும் குழாயில் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் நீளக் குழாயில் உராய்ந்து வீணாகும் அழுத்தமும் குறைகிறது. அப்படி மிச்சமான அழுத்தம் விரலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. விரலுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கில் அதுவே வேகமாக மாறிவிடுகிறது. பீறிட்டு வெளியே வந்த தண்ணீரில் மிச்சமிருப்பது காற்றின் அழுத்தம் மட்டும்தான்.

இப்போது தோட்டக்காரருக்கான பதில். அகலமான பகுதியில் மெதுவாக வருகிற ஒரு சொட்டுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகலில் நுழையும்போது அது வேகமெடுக்கிறது. சும்மா இருந்த வண்டி நகர வேண்டுமானால் யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும் இல்லையா? அந்தச் சொட்டைத் தள்ளுவது யார்? பின்னால் இருக்கிற தண்ணீர். எதிர்ப்பது முன்னால் இருக்கிற தண்ணீர். சொட்டு முன்னே பாய்கிறது என்றால், பின்னால் அழுத்தம் அதிகம், முன்னால் அழுத்தம் குறைவு என்றுதானே அர்த்தம்? முன்னால் இருப்பது குறுகல். ஆகவே அழுத்தம் குறைவது குறுகலில்தான். இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு ஏன் எனக்கு இது வாயில் வரவில்லை என்று தெரியவில்லை.

சூத்திரமாக நீங்கள் படிப்பது பெர்னூலி தேற்றம். டானியல் பெர்னூலியின் 'ஹைட்ரோடைனமிக்கா' 1738-ல் வந்தது. மகனுக்கு இந்தப் பெயர் போய்விடக்கூடாது என்று அப்பா யோஹான் தன் நூலை 1732-ல் எழுதியதாகத் தேதி போட்டு வெளியிட்டார். வீட்டுச் சண்டை, அதற்குள் நாம் போக வேண்டாம். இன்று நாம் எழுதுகிற வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆய்லர்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. அதற்கு ரோமாபுரிக்குப் போக வேண்டும்.

கி.பி. 97. செக்ஸ்டஸ் யூலியஸ் பிரான்டினஸ் என்பவரைப் பேரரசர் நெர்வா ரோம் நகரத்தின் தண்ணீர் அதிகாரியாக நியமிக்கிறார். பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். போர்த் தந்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். வயதான காலத்தில் தண்ணீர் இலாகா. இன்றைக்கு ஒருவர் இதைத் தண்டனை மாற்றல் என்று எடுத்துக்கொள்வார். பிரான்டினஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஆடுகிற அதிகாரியாக இருக்கக்கூடாது என்று, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஒன்பது கால்வாய்களையும் நேரில் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

அவர் முதலில் கையில் எடுத்தது பழைய பதிவேடு. ரோமின் அளவு 'குயினேரியா'. விரற்கடைக் கணக்கில் ஒன்றேகால் விரல், அதாவது ஏறத்தாழ 2.3 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் எவ்வளவு தருமோ அவ்வளவு. பதிவேட்டின்படி நகரத்துக்கு வந்த தண்ணீர் மொத்தம் 12,755 குயினேரியா. விநியோகமானது 14,018 குயினேரியா. வந்ததைவிடப் போனது 1,263 அதிகம்!

கேட்டதும் சிரிப்பு வருகிறது. அவருக்கு வரவில்லை. கால்வாய்களின் தலைப்பிலேயே போய் அளந்தார். பதிவேட்டில் இருப்பதைவிட மிக அதிகமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. நடுவில் இருந்தவர்கள் பூந்து விளையாடியிருக்கிறார்கள். தெருவுக்கு அடியில் குழாயைத் துளைத்து, போகிற வழியில் இருந்த கடைகளுக்கெல்லாம் ரகசிய இணைப்பு கொடுத்திருந்தார்கள். அந்தக் குழாய்களைத் தோண்டி எடுத்ததில் எவ்வளவோ ஈயம் கிடைத்தது என்று எழுதுகிறார். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பற்றி நாம் புலம்புகிறோம். பங்காளிகள் நமக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் பிரான்டினஸின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அவர் அளந்தது குழாய் வாயின் பரப்பை மட்டும்தான். ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்களில் ஒன்றில் தண்ணீர் நடக்கும், ஒன்றில் ஓடும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எழுதினால் எப்படி? அவருக்கு இது தெரியாமல் இல்லை. உயரத்திலிருந்து வேகமாக வரும் தண்ணீர் அளவைத் தாண்டித் தரும், நீளக் குழாயில் சோம்பலாக வருவது குறைத்துத் தரும் என்று அவரே எழுதியிருக்கிறார். வேகம் கணக்கில் சேர வேண்டும் என்று அலெக்சாந்திரியாவின் ஹீரோனும் சொல்லியிருந்தார். ஊற்றுக்குக் கீழே ஒரு தொட்டி வெட்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று வெயில் கடிகாரத்தை வைத்துப் பார் என்பது ஹீரோனின் வழி. நம் வீட்டில் குடம் வைத்துப் பிடித்துப் பார்க்கிறோமே, அதேதான். ஓர் ஊற்றுக்கு அது சரி. நகரம் முழுக்கப் பரவிய மூடிய குழாய்களில் ஓடும் தண்ணீரின் வேகத்தை எண்ணாக்கும் வழி அப்போது யாரிடமும் இல்லை.

ரோமில் இருந்த ஒரு சட்டத்தைக் கவனியுங்கள். அரசு ஒருவருக்குத் தண்ணீர் உரிமை கொடுத்தால், தொட்டியில் அளவு முத்திரை குத்திய ஒரு வெண்கல வாய் பொருத்துவார்கள். பெயர் 'காலிக்ஸ்'. குறைந்தது 12 விரற்கடை நீளம். ஏன் வெண்கலம்? ஈயத்தை எவன் வேண்டுமானாலும் தட்டி அகலப்படுத்திவிடுவான், வெண்கலம் மசியாது. அதோடு, அந்த வாய்க்கு அடுத்து 50 அடி தூரத்துக்கு அதே விட்டத்தில்தான் குழாய் இருக்க வேண்டும்.

இந்த 50 அடி எதற்கு? வாய் முத்திரை குத்திய அளவுதானே? அதற்கப்புறம் குழாய் விரிந்தால் என்ன, சுருங்கினால் என்ன?

இங்கேதான் ரோமானியத் திருடனின் கெட்டிக்காரத்தனம். காலிக்ஸுக்கு அடுத்ததாக மெல்ல மெல்ல விரிந்து போகிற குழாயை மாட்டினால், அதே வாய் வழியாக அதிகத் தண்ணீர் வரும். காரணத்தை நாம் இப்போதுதான் பார்த்தோம். அதைத் திருப்பிப் போடுங்கள். விரிவில் போகும்போது தண்ணீரின் வேகம் குறைகிறது. வேகம் குறைய வேண்டுமானால் முன்னால் இருந்து ஏதோ தடுக்க வேண்டும். ஆகவே விரிவின் கடைசியில் அழுத்தம் அதிகம், ஆரம்பத்தில் குறைவு. கடைசியில் இருப்பது காற்றின் அழுத்தம். அப்படியானால் ஆரம்பத்தில், அதாவது முத்திரை குத்திய வாயில், காற்றழுத்தத்தைவிடவும் குறைவு. பின்னால் தொட்டி தள்ளுகிறது. முன்னால் வாய் உறிஞ்சுகிறது. ஒட்டன்சத்திரத்து உர வாளியும் ரோமானியத் திருடனின் குழாயும் ஒரே சமாச்சாரம். முத்திரையில் கை வைக்கவே இல்லை; தண்ணீர் மட்டும் கூடுதல். காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தண்ணீர் கூடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சட்டம் போட்டவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

இதைச் சோதனைச் சாலையில் வைத்து முறையாக ஆராய்ந்தவர் ஜியோவன்னி பட்டிஸ்டா வெஞ்சுரி. 1746-ல் பிறந்த இத்தாலியப் பாதிரியார், மொடேனாவில் பேராசிரியர். 1797-ல் பாரிசில் தன் ஆராய்ச்சியைப் பிரெஞ்சில் அச்சிட்டார். நெப்போலியன் இத்தாலியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளை அதே பாரிசில் உட்கார்ந்து படித்து, இவர் ஓவியர் மட்டும் இல்லை, விஞ்ஞானியும்தான் என்று அதே வருடம் எழுதியவரும் வெஞ்சுரிதான். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஒரு வணக்கம் போடலாம். ஆனால் வெஞ்சுரி மீட்டர் எதையும் செய்யவில்லை. குறுகி விரியும் குழாய்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தார், எழுதினார், அதோடு விட்டுவிட்டார். தொண்ணூறு வருடம் அது புத்தகத்திலேயே கிடந்தது.

அதை எடுத்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹோலியோக் என்ற ஊரில் இருந்த கிளெமன்ஸ் ஹெர்ஷல். கனெக்டிகட் ஆற்றை அணைகட்டி மறித்து, கால்வாய்களில் தண்ணீர் விட்டு, காகித ஆலைகளை ஓட்டிய ஊர் அது. ஆற்றின் விழுச்சியை ஆலைகளுக்கு விற்ற கம்பெனியில் 1879 முதல் ஹெர்ஷல் நீரியல் பொறியாளர். அவருடைய தலைவலியை யோசித்துப் பாருங்கள். தண்ணீரை விற்கிறோம், எவ்வளவு விற்கிறோம் என்று தெரிய வேண்டும். டர்பைனுக்குப் போவதை ஒருவாறு கணக்கிட, ஒவ்வொரு டர்பைனையும் சோதனைக் கால்வாயில் வைத்து, எவ்வளவு திறந்தால் எவ்வளவு குடிக்கும் என்று பார்த்து எழுதிவைத்தார். டர்பைனே மீட்டராகிவிட்டது. ஆனால் காகிதக் கூழைக் கழுவப் பெரிய குழாய்களில் போகிற தண்ணீருக்கு என்ன செய்வது? உள்ளே சக்கரம் சுழலும் மீட்டரை அவ்வளவு பெரிய குழாயில் வைக்க முடியாது. குறுக்கே ஒரு தடுப்பை வைத்து அளந்தால் அழுத்தம் விழுந்துவிடும். அவர்கள் விற்ற சரக்கே விழுச்சிதான். விழுச்சியைத் தின்கிற மீட்டர், கல்லாவிலிருந்தே எடுத்துத் தின்கிற கணக்குப்பிள்ளை மாதிரி.

ஹெர்ஷல் வெஞ்சுரியின் குழாயை எடுத்தார். குழாயைக் கொஞ்ச தூரத்தில் குறுக்கி, ஒரு கழுத்து வைத்து, பிறகு மிக நிதானமாகப் பழைய அகலத்துக்கு விரித்தார். குறுகுவதற்கு முன் ஒரு துளை, கழுத்தில் ஒரு துளை. இரண்டுக்கும் இடையிலுள்ள அழுத்த வித்தியாசத்தைப் பார்த்தார். ஓரடி விட்டக் குழாயில் சோதித்தார். ஒன்பதடி விட்டக் குழாயிலும் சோதித்தார். ஒன்பதடிக் குழாய்க்குள் நீங்களும் நானும் குனியாமல் நடக்கலாம். இரண்டிலும் ஒரே விதி வேலை செய்தது. 1887-ல் அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார், 1888-ல் காப்புரிமை.

இப்போது கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரு பெருக்கல், ஒரு வர்க்கமூலம்.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். கழுத்து 150 மில்லிமீட்டர். விட்டம் பாதி என்றால் பரப்பு கால்பங்கு. வேகம் நாலு மடங்கு. ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைக்கிறோம். அகலத்தில் தண்ணீர் உயரமாக நிற்கிறது. கழுத்தில் தாழ்ந்து நிற்கிறது. வித்தியாசம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 மீட்டர் எங்கே போனது? வேகமாக மாறியிருக்கிறது. மாடியிலிருந்து விழும் கல் உயரத்தை இழந்து வேகத்தைப் பெறுவதுபோல. கல்லுக்கு இறுதி வேகம் காண, உயரத்தைப் புவியீர்ப்பால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுப்போம். இங்கேயும் அதுவே. 2 × 9.81 × 2 = 39.24. ஆனால் தண்ணீர் கல்லைப்போல நின்ற நிலையிலிருந்து கிளம்பவில்லை. அகலத்திலும் கொஞ்சம் வேகம் இருந்தது. அந்த வேகம் கழுத்து வேகத்தில் கால்பங்கு; அதன் வர்க்கம் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 39.24-ஐ, ஒன்றிலிருந்து பதினாறில் ஒரு பங்கு கழித்த 0.9375-ஆல் வகுக்கிறோம். வருவது 41.86. அதன் வர்க்கமூலம் 6.47. கழுத்தில் நொடிக்கு 6.47 மீட்டர்.

கழுத்தின் பரப்பு 0.01767 சதுர மீட்டர். பெருக்கினால் நொடிக்கு 0.1143 கன மீட்டர், அதாவது 114 லிட்டர். உராய்வால் கொஞ்சம் குறையும். அதற்கு ஒரு குணகம் உண்டு. நல்ல வெஞ்சுரிக்கு 0.98 சொச்சம். பெருக்கினால் 112 லிட்டர். ஒரு நாள் முழுக்க ஓடினால் 97 லட்சம் லிட்டர். உள்ளே சுழலும் சக்கரம் கிடையாது, தேய்கிற பாகம் கிடையாது. இரண்டு துளைகளையும் ஒரு ஸ்கேலையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு நகரத்தின் தண்ணீரை அளந்துவிட்டோம்.

நான் கல்லூரியில் படித்தபோது கண்ணாடிக் குழாய்க்குப் பதில் பாதரச மானோமீட்டர் இருந்தது. 2 மீட்டர் தண்ணீர் வித்தியாசம் பாதரசத்தில் 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், வசதி. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் 13.6-ஆல் பெருக்கி மதிப்பெண் இழந்தவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். பாதரசத்துக்கு மேலே தண்ணீரும் நிற்கிறது. பெருக்க வேண்டியது 12.6. இன்னொருவன் வால்வைப் படாரென்று திறந்து, மானோமீட்டரில் இருந்த பாதரசம் முழுவதையும் குழாய்க்குள் அனுப்பிவிட்டான். அந்த இன்னொருவன் யார் என்று சொல்லப் போவதில்லை. அவன்தான் இப்போது மைக்கைப் பிடித்திருக்கிறான்.

வர்க்கமூலத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வித்தியாசம் 2 மீட்டரிலிருந்து அரை மீட்டராக, கால்பங்காக, இறங்கினால் ஓட்டம் பாதிதான் குறைந்திருக்கும். ஓட்டம் பத்தில் ஒரு பங்கானால் வித்தியாசம் நூறில் ஒரு பங்கு: 2 சென்டிமீட்டர் தண்ணீர். பாதரசத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதை யார் படிப்பது? இரவில் ஊர் தூங்கும்போது குழாயில் ஓடுவதெல்லாம் கசிவு. அந்தச் சிறிய ஓட்டத்தை அளக்கும்போது வெஞ்சுரி கை விரித்துவிடும். இது அதன் குறை, மறைக்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த ஒரு நீரேற்று நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெஞ்சுரி புதிது. மீட்டர் காட்டுவதோ, பம்புகள் எல்லாம் சேர்ந்து தரக்கூடியதைவிடக் கால்பங்கு அதிகம். பம்ப் கொடுக்காத தண்ணீர் குழாயில் எப்படி ஓடும்? எனக்குப் பிரான்டினஸின் பதிவேடு ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்து. அவரவர் அவரவர் பங்கு சரி என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு வயதான ஃபிட்டர் வந்தார். கழுத்திலிருந்து கீழே இருந்த கருவிக்கு இறங்கும் சின்னக் குழாயின் மூக்கைத் திருகினார். 'புஸ்' என்று காற்று வந்தது, பிறகு தண்ணீர். அவ்வளவுதான்.

ஒரு சாண் சொச்சம் காற்று, முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு, அந்தச் சின்னக் குழாயில் சிக்கியிருந்திருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் காற்று நின்றதால் கருவி கழுத்தழுத்தத்தை முப்பது சென்டிமீட்டர் குறைவாகப் படித்தது. உண்மை வித்தியாசம் 50 என்றால் கருவிக்கு 80. வர்க்கமூலம் எடுத்தால் ஓட்டம் 26 சதவீதம் அதிகமாகத் தெரியும். "மேல ஏத்தி வளைச்சா காத்து நிக்கும் சார், இதைச் சொன்னா யாரு கேக்குறாங்க" என்றார் ஃபிட்டர். காற்று தங்காமல் தானே வெளியேறுகிற சரிவில் அந்தக் குழாயைப் போட வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. போட்டவர்களும் படித்தவர்கள்தான்.

மீட்டருக்கு முன்னால் நேர்க்குழாய் வேண்டும் என்பதும் அப்படியே. வளைவிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீர் சுழன்றுகொண்டும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டும் வரும். அதைக் கழுத்துக்குள் விட்டு அளந்தால், குணகம் புத்தகத்தில் இருப்பதுபோல இருக்காது. இடம் இல்லை என்று வளைவின் முதுகிலேயே மீட்டரை உட்கார வைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி வாலைப் பற்றி, அதாவது கழுத்துக்கு அப்புறம் விரியும் பகுதியைப் பற்றி. பாடத்தில் எல்லோரும் கழுத்தைப் பேசுகிறார்கள்; வால் யாருக்கும் பொருட்டில்லை. அளப்பதற்குக் கழுத்து போதுமே, அதற்கப்புறம் ஏன் இவ்வளவு நீளமாக விரிக்கிறார்கள் என்று எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. குறுகும் கூம்பின் கோணம் 21 பாகை. விரியும் கூம்பு 7-லிருந்து 15 பாகைக்குள். குறுகுவதைச் சட்டென்று செய்யலாம். அழுத்தம் குறைந்துகொண்டே போகிற திசையில் தண்ணீர் போவது இறக்கத்தில் வண்டி போவதுபோல; எல்லாச் சொட்டும் போய்விடும். விரிவு அப்படியில்லை. முன்னால் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, அது ஏற்றம். குழாய்ச் சுவரை ஒட்டி உராய்ந்து ஏற்கெனவே களைத்த தண்ணீர், ஏற்றம் செங்குத்தானால் பாதியில் நின்று திரும்பிவிடும். அங்கே சுழல் பிறக்கும்; சுழலில் ஆற்றல் சூடாகி வீணாகும். ஏற்றத்தை நீட்டிச் சரிவாக்கினால் அதுவும் ஏறிவிடும். வேகமாக மாறிய அழுத்தத்தில் பெரும்பகுதி மறுபடி அழுத்தமாகவே திரும்பி வரும்.

வால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், துளைத்தகடு இருக்கிறது. ஆலைகளில் ஆரிஃபிஸ் பிளேட் என்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டை இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே சொருகினால் முடிந்தது. விலை மலிவு, இடம் அடைக்காது. ஆனால் நம் குழாயில் அதே 150 மில்லிமீட்டர் ஓட்டை, அதே 112 லிட்டர் என்றால், துளைத்தகட்டின் குணகம் 0.6 அளவே என்பதால் வித்தியாசம் 2 மீட்டராக இருக்காது. 5 மீட்டரைத் தாண்டும். அதில் முக்கால் பங்கு திரும்பவே திரும்பாது. ஏறத்தாழ 3.8 மீட்டர் போனது போனதுதான். வெஞ்சுரியில் போவது கால் மீட்டர் அளவு.

3.8 மீட்டர் என்றால் என்ன? நொடிக்கு 112 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்கிக் கீழே கொட்டுவது. 4 கிலோவாட்டுக்கு மேல். நாளொன்றுக்கு 100 யூனிட் மின்சாரம். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவது இதில் சேரவில்லை. வெஞ்சுரிக்கு அது 7 யூனிட்டுக்குள். தகட்டை வாங்கியவர் மலிவாக வாங்கினேன் என்று கோப்பில் எழுதியிருப்பார். மின் கட்டணக் கோப்பு வேறு அறையில், வேறு அலமாரியில் இருக்கும். நீராவிக் குழாயிலும் சின்னக் குழாயிலும் துளைத்தகடு போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவும் பகலும் ஓடுகிற பெரிய குடிநீர்க் குழாயில் அதைப் போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. காந்தவிசை மீட்டர், மீயொலி மீட்டர் எல்லாம் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்துவிட்டன, நன்றாகவும் வேலை செய்கின்றன, குறுகலே இல்லாததால் இழப்பும் கிடையாது. வெஞ்சுரியின் இடத்தை அவை பல இடங்களில் எடுத்துக்கொண்டாயிற்று. எனக்கு வருத்தம் இல்லை.

ரோமில் எந்த வால் திருட்டுக்குப் பயன்பட்டதோ, எதைத் தடுக்க 50 அடிச் சட்டம் போட்டார்களோ, அதே வால்தான் ஹோலியோக்கில் நேர்மையான கணக்குக்கு வழி செய்தது. இது ஹெர்ஷலுக்குத் தெரியும். ஏனென்றால் பிரான்டினஸின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இதே கிளெமன்ஸ் ஹெர்ஷல்தான். 1429-ல் மோண்டே கசினோ மடத்தில் கண்டெடுக்கப்பட்ட சுவடியின் புகைப்படப் பதிப்போடு 1899-ல் அதை வெளியிட்டார். தண்ணீரைப் பரப்பை மட்டும் வைத்து அளந்து திண்டாடிய அந்த அதிகாரியின் ஒவ்வொரு வரியையும், வேகத்தையும் சேர்த்து அளக்கும் கருவியைக் கண்டுபிடித்த ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். மீட்டருக்குத் தன் பெயரை வைத்துக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. தொண்ணூறு வருடங்களுக்கு முந்திய பாதிரியாரின் பெயரை வைத்தார்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகத்து வெஞ்சுரியில் அநேகமாக இரண்டே துளைகள் இருக்கும்: முன்னால் ஒன்று, கழுத்தில் ஒன்று. இரண்டையும் படித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறீர்கள். அடுத்த முறை ஆசிரியரிடம் கேட்டு, வால் முடிகிற இடத்தில் மூன்றாவதாக ஒரு துளை போடச் சொல்லுங்கள். கழுத்தில் இறங்கிய தண்ணீர் மட்டம் அங்கே மறுபடி ஏறி நிற்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். எவ்வளவு ஏறவில்லை என்பதையும் அளந்து எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நிப்பிள், ஒரு முழம் டியூப்.